தீப்பிடித்த காரும் அரசாங்க விசாரணையும்



நெடுஞ்சாலையில் போகும்போது, சாலையோரத்தில் ஒரு கார் எரிந்து கரிக்கூடாக நிற்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதைக் கடந்து செல்கையில் நம் வண்டிக்குள் என்ன பேச்சு நடக்கும்? "எண்ணெய் மாற்றாமல் ஓட்டியிருப்பான்" என்பார் ஒருவர். "கண்டபடி ஒயர் இழுத்துப் பாட்டுப்பெட்டி மாட்டியிருப்பான்" என்பார் இன்னொருவர். "நல்ல வேளை, ஆள் பிழைத்தானே, எல்லாம் அவன் நேரம்" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். அடுத்த மைல் போவதற்குள் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

இவர்கள் சொல்வது சில வேளைகளில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் யாரும் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளிலேயே, நெருப்புக்கான வித்து அதன் எஞ்சினுக்குள் இருந்திருக்கலாம். அப்படியானால், குற்றம் ஓட்டியவருடையது அன்று, விதியினுடையதும் அன்று. அதைக் கண்டுபிடிப்பது யார்? எவ்வாறு கண்டுபிடிக்கிறார்கள்? கண்டுபிடித்த பின் என்ன செய்கிறார்கள்? இவற்றைத்தான் இன்றைய உரையில் நாம் காணப் போகிறோம்.

முதலில், நமக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், "நேற்றுத் தின்ற பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று அதன் தாய் நினைப்பாள். பக்கத்து வீட்டுத் தாயும் அவ்வாறே நினைப்பாள். ஒரு வீட்டுச் செய்தி மற்ற வீட்டுக்குத் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும் ஆசிரியருக்கு வேறொன்று தெரியும். ஒரே வாரத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் வரவில்லை. பன்னிருவரும் ஒரே வரிசை வீடுகளில் குடியிருப்பவர்கள். அப்போதுதான் அந்த வரிசையின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பிறக்கும்.

கார் விவகாரமும் இத்தகையதே. ஆயிரம் ஊர்களில் ஆயிரம் பேருக்கு நேரும் ஒரே துன்பம், தனித்தனியே பார்க்கும்போது தற்செயலாகவே தோன்றும். எல்லாவற்றையும் ஒரே பதிவேட்டில் எழுதிக் கூட்டிப் பார்க்க ஒருவர் வேண்டும். கூட்டிப் பார்த்த பின், தொட்டியைத் திறந்து காட்டும்படி கேட்கும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். அந்த வேலையைச் செய்வதற்கே சில நாடுகளில் அரசாங்க அமைப்புகள் இருக்கின்றன.

இவ்வகையில் அமெரிக்காவின் அமைப்பு நன்கு அறியப்பட்டது. 1965-ஆம் ஆண்டு ரால்ஃப் நேடர் என்னும் வழக்கறிஞர், கார்களின் அமைப்பிலேயே உள்ள ஆபத்துகளை எடுத்துக்காட்டி ஒரு நூல் எழுதினார். அதுவரை சாலை விபத்து என்றாலே ஓட்டுநரைக் குறை சொல்வது வழக்கம். வண்டியையும் விசாரிக்க வேண்டும் என்ற கருத்து அதன் பின்னரே பொதுமக்களிடையே வலுப்பெற்றது. 1966-ஆம் ஆண்டு அந்நாட்டில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1970-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அமைக்கப்பட்டது. பாதுகாப்புக் குறையுள்ள வண்டியை நிறுவனமே தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்ற விதி 1974-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. தன் வண்டியில் பாதுகாப்புக் குறை இருப்பதாக ஒரு நிறுவனம் முடிவுக்கு வந்தால், ஐந்து வேலை நாட்களுக்குள் அதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அங்குள்ள சட்டமாகும்.

இந்த நிர்வாகம் வேலை செய்யும் முறையைச் சுருக்கமாகப் பார்ப்போம். கார் வைத்திருக்கும் எவரும், பைசா செலவில்லாமல், தம் வண்டிக்கு நேர்ந்ததை எழுதியோ தொலைபேசி வழியாகவோ தெரிவிக்கலாம். அதிகாரிகள் அவற்றைப் படித்து வகைப்படுத்துகிறார்கள். ஒரே வகை வண்டியில் ஒரே வகைப் புகார் திரும்பத் திரும்ப வந்தால், முதல்நிலை ஆய்வு தொடங்கும். அடுத்ததாக நிறுவனத்துக்குக் கேள்விகள் போகும். உங்களுக்கு எத்தனை புகார்கள் வந்தன? இந்தப் பாகத்தை மாற்றுவதற்காக எத்தனை உதிரிப் பாகங்களை விற்றீர்கள்? உற்பத்தியின் இடையில் இதன் அமைப்பை மாற்றினீர்களா? மாற்றியிருந்தால், ஏன் மாற்றினீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி மிகக் கூர்மையானது. குறை இல்லாத பொருளைச் சத்தமின்றி மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் ஏற்படுவதில்லை அல்லவா?

சந்தேகம் தீராவிட்டால் பொறியியல் ஆய்வு நடக்கும். வண்டியைப் பிரித்துப் பார்ப்பதும், சோதனை ஓட்டம் விடுவதும், எண்களை ஒப்பிடுவதும் அதில் அடங்கும். குறை இல்லை என்று தெரிந்து கோப்பை மூடுவதும் உண்டு. குறை உறுதியானால், அவ்வகை வண்டிகள் எல்லாவற்றையும் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்ய வேண்டும்.

இனி, ஓர் உண்மைச் சம்பவத்தைப் பார்ப்போம். தென்கொரியாவின் ஹூண்டாய், கியா ஆகிய இரண்டும் உறவு நிறுவனங்கள். இவை 2011-ஆம் ஆண்டு முதலான தம் பல கார்களில், தீட்டா 2 என்னும் எஞ்சினைப் பொருத்தி அமெரிக்காவில் விற்றன. இந்த எஞ்சினில் நேர்ந்தது என்ன என்பதை அறிய, எஞ்சினின் உட்புறத்தைச் சற்று நோக்க வேண்டும்.

எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட் எனப்படும் கனத்த இரும்புத் தண்டு. பிஸ்டனையும் அந்தத் தண்டையும் இணைப்பது கனெக்டிங் ராட். நெடுஞ்சாலையில் கார் ஓடும்போது இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஈராயிரம், மூவாயிரம் முறை சுழலும். இவ்வளவு வேகத்தில் இரும்போடு இரும்பு உரசினால் சில நிமிடங்களில் எல்லாம் பாழாகிவிடும். அதைத் தடுப்பது, இடையில் உள்ள பேரிங்கில் பரவி நிற்கும் எண்ணெய்ப் படலம். அந்தப் படலம் தலைமயிரை விட மெல்லியது. அதற்கு எண்ணெய் கொண்டு செல்லத் தண்டுக்குள்ளேயே நுண்ணிய துளைகள் குடையப்பட்டிருக்கும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தொழிற்சாலையில், தண்டைக் கடைந்தபோது உண்டான உலோகத் துகள்கள் இந்தத் துளைகளிலிருந்து முழுமையாக நீக்கப்படவில்லை. துகள் எண்ணெயின் வழியை அடைத்தது. எண்ணெய் குறையவே பேரிங் தேய்ந்தது. முதலில் 'டக் டக்' என்று ஒரு தட்டல் ஓசை கேட்கும். தேய்மானம் முற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் கார் நெடுஞ்சாலை நடுவிலேயே நின்றுவிடும். இன்னும் மோசமானால், கனெக்டிங் ராட் முறிந்து எஞ்சினின் சுவரையே ஓட்டை போட்டுவிடும். அந்த ஓட்டை வழியாகச் சூடான எண்ணெய் பீய்ச்சியடித்துப் பல நூறு டிகிரி கொதிக்கும் புகைக்குழாயின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அடுப்பில் சிவந்த தோசைக்கல்லில் எண்ணெய் கொட்டியவர்களுக்கு அது தெரியும்.

2015-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஹூண்டாய் நிறுவனம் சுமார் 4 இலட்சத்து 70 ஆயிரம் சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. கியா நிறுவனமும் அதே எஞ்சினைப் பயன்படுத்தியது. ஆயினும் அப்போது தன் வண்டிகளை அழைக்கவில்லை. 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து மேலும் சுமார் 12 இலட்சம் வண்டிகளை அழைத்தன. இடைப்பட்ட அந்த ஒன்றரை ஆண்டுக் காலத்தை எண்ணிப் பாருங்கள். அத்தனை குடும்பங்கள், தங்கள் காலடியில் இருப்பது தெரியாமல், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கின்றன.

அந்த நாட்களில் பதிவேட்டுக்குப் புதிய தகவல் சேர்த்தவர், அந்நிறுவனத்துக்கு உள்ளேயே இருந்தவர். கிம் குவாங் ஹோ என்னும் பொறியியலாளர் ஹூண்டாயில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு வேலை பார்த்தவர். குறைகள் முழுமையாகச் சொல்லப்படவில்லை என்று கருதிய அவர், 2016-ஆம் ஆண்டு ஆவணங்களோடு வாஷிங்டனுக்குப் போய் அமெரிக்க நிர்வாகத்திடம் முறையிட்டார். கொரிய அரசாங்கத்துக்கும் செய்தி தந்தார். அதே ஆண்டு, நிறுவன இரகசியங்களை வெளியிட்டார் என்று வேலையிலிருந்து நீக்கப்பட்டார். உண்டு வளர்ந்த வீட்டைக் காட்டிக் கொடுத்தவர் என்ற பேச்சுக்கும் ஆளானார். ஆனால் 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில், அவர் தந்த தகவலின் பேரில் கொரிய அரசாங்கம் சுமார் 2 இலட்சத்து 40 ஆயிரம் ஹூண்டாய், கியா வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு கட்டாய ஆணை பிறப்பித்தது.

அமெரிக்காவில் அந்த ஆண்டே விசாரணை தொடங்கியது. குறை உண்டா என்பதோடு, குறையை உரிய நேரத்தில் சொன்னார்களா என்பதையும் அந்த விசாரணை ஆராய்ந்தது. 2020-ஆம் ஆண்டு நவம்பரில் அது முடிவுக்கு வந்தது. 16 இலட்சம் வண்டிகளை உரிய நேரத்தில் திரும்ப அழைக்கவில்லை என்றும், சில விவரங்களைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்றும் நிர்வாகம் கூறியது. ஹூண்டாய்க்கு 140 மில்லியன் டாலர், கியாவுக்கு 70 மில்லியன் டாலர் என்று தண்டத் தொகை வகுக்கப்பட்டது. இதில் 81 மில்லியன் டாலரை உடனே கட்ட வேண்டும். மீதியில் ஒரு பகுதியைப் பாதுகாப்புப் பணிகளுக்கே செலவிட வேண்டும். எஞ்சியது, சொன்ன சொல்லை மீறினால் கட்ட வேண்டியது.

உள்ளிருந்து உண்மை சொல்பவருக்கு, வசூலாகும் தண்டத்தில் 30 விழுக்காடு வரை வழங்கலாம் என்று அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அச்சட்டத்தின்படி முதல் வெகுமதி 2021-ஆம் ஆண்டு நவம்பரில் வழங்கப்பட்டது. 24 மில்லியன் டாலருக்கும் மேற்பட்ட அந்தத் தொகையைப் பெற்றவர், வேலை இழந்த அதே கிம் குவாங் ஹோ.

இதோடு எல்லாம் தீர்ந்ததா என்றால், இல்லை. எஞ்சின் நின்றுபோவதைக் கண்டுபிடிப்பதை விட, எஞ்சின் தீப்பிடித்ததன் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம். திருடன் கால்தடத்தை விட்டுப் போவான். நெருப்போ தன் தடத்தைத் தானே தின்றுவிடும். ரப்பர் குழாய் உருகிப் போகும். ஒயர் கருகிப் போகும். எது முதலில் எரிந்தது என்று சொல்ல ஆளில்லை. ஆகவேதான் எரியாத வண்டிகள் முக்கியமான சாட்சிகளாகின்றன. தட்டல் ஓசை கேட்டது, எண்ணெய் விளக்கு எரிந்தது, புகை வந்து உடனே நிறுத்தினோம் என்று சொல்பவர்களின் புகார்கள்தாம், எரிந்த வண்டிகளின் கதையை விளங்க வைக்கின்றன.

2018-ஆம் ஆண்டு, வாகனப் பாதுகாப்புக்காகப் பாடுபடும் ஒரு பொதுநல அமைப்பு, மோதல் ஏதுமின்றி எரிந்த ஹூண்டாய், கியா வண்டிகளைப் பற்றி விசாரிக்கக் கோரி மனுக் கொடுத்தது. 2019-ஆம் ஆண்டு, ஏறத்தாழ 30 இலட்சம் வண்டிகள் மீது தீ பற்றிய ஆய்வு தொடங்கியது. 2021-ஆம் ஆண்டு இறுதியில் அது பொறியியல் ஆய்வாக உயர்த்தப்பட்டது. இதற்கிடையே நிறுவனங்கள், பேரிங் தேயும்போது எழும் அதிர்வை முன்கூட்டியே உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும் ஏற்பாட்டை வண்டிகளில் சேர்த்தன. பிறகு வேறொரு குறையும் தெரிய வந்தது. பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கருவியில் நீர்மம் கசிந்து, மின்சாரம் தாறுமாறாகப் பாய்ந்து தீ உண்டாகலாம் என்று, 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஏறத்தாழ 34 இலட்சம் வண்டிகள் அழைக்கப்பட்டன. சரிசெய்யும் வரை வண்டியை வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள், வெளியிலே நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. ஏனெனில், இத்தகைய குறையுள்ள வண்டி நிறுத்தி வைத்திருக்கும்போதும் எரியக்கூடும். வீட்டுக்குள் மக்கள் உறங்கிக்கொண்டிருக்கும் நேரத்திலும் எரியக்கூடும்.

அடுத்ததாக, கொரியாவிலேயே நடந்த இன்னொரு சம்பவம். அங்கு 2018-ஆம் ஆண்டு, ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் 40-க்கும் மேற்பட்டவை அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. சில வாகன நிறுத்துமிடங்கள் அந்தக் கார்களை உள்ளே விடவே மறுத்தன. ஜூலை மாதத்தில் நிறுவனம் சுமார் 1 இலட்சத்து 6 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது. அப்படியும் தீ நிற்கவில்லை. ஆகஸ்ட் மாதத்தில், சோதனை செய்யப்படாத கார்களைச் சாலையில் ஓட்டக்கூடாது என்று அரசாங்கம் ஆணையிட்டது.

இங்கே கோளாறு வேறு. டீசல் எஞ்சினின் நச்சுப் புகையைக் குறைப்பதற்காக, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் கருவி ஒன்று உண்டு. அதன் குளிர்விப்பானில் வெடிப்பு ஏற்பட்டு நீர்மம் கசிந்தது. அது கரியோடு கலந்து பிசுக்காகப் படிந்தது. பின்னர்ச் சூடான புகை பட்டதும் அந்தப் பிசுக்கு பற்றிக்கொண்டு, பிளாஸ்டிக்கால் ஆன காற்றுக் குழாயை எரித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அரசாங்கக் குழு நிறுவனத்தின் விளக்கத்தோடு நிற்கவில்லை என்பதாகும். எந்தச் சூழ்நிலையில் தீ உண்டாகும் என்று நிறுவனம் ஒரு காரணம் சொன்னது. குழு தானே கார்களை ஓட்டிச் சோதித்து, நிறுவனம் குறிப்பிட்ட வால்வு அன்று, வேறொரு வால்வு முழுமையாக மூடாததே காரணம் என்று கண்டது. 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான முடிவு, நிறுவனம் குறையை மறைத்தது என்றும், திரும்ப அழைப்பதைத் தாமதப்படுத்தியது என்றும் கூறியது. 1,120 கோடி வோன் அபராதம் விதிக்கப்பட்டது. மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்தக்கூடாது என்ற எளிய விதிதான் இங்கே காப்பாற்றப்பட்டது.

நேயர்களே, எரியும் ஒவ்வொரு காரும் தொழிற்சாலைக் குறையால் எரிவதில்லை. கவனிக்காமல் விட்ட எண்ணெய்க் கசிவு, முறையின்றி இழுத்த மின்கம்பி, எலி கடித்த ஒயர் ஆகியவையும் காரணங்களே. இவற்றையும் அவற்றையும் பிரித்தறிவதற்கே விசாரணை தேவைப்படுகிறது. விசாரணை இல்லாத இடத்தில், பட்டறைக்காரரின் பேச்சும் விற்பனையாளரின் பேச்சும்தான் தீர்ப்பாகிவிடும். "எண்ணெய் மாற்றிய ரசீது எங்கே?" என்ற ஒரு கேள்வியிலேயே ஏழையின் வாய் அடைபட்டுவிடும்.

இவை எங்கோ நடப்பவை என்று நாம் இருந்துவிடவும் முடியாது. எஞ்சின் தீ அன்று எனினும், தொழிற்சாலைக் குறையொன்று நம் நாட்டிலேயே உயிர் பறித்ததுண்டு. 2014-ஆம் ஆண்டு ஜூலை மாதம், சரவாக்கில் உள்ள சிபுவில் நடந்த ஒரு சாதாரண மோதலில், காரின் தக்காத்தா காற்றுப் பை வெடித்துச் சிதறியதால் கர்ப்பிணிப் பெண் ஒருவர் உயிரிழந்தார். உயிரைக் காக்க வைத்த பொருளே உயிரைப் பறித்தது. அதன் பின்னரே அவ்வகைப் பைகள் கொண்ட மேலும் பல கார்கள் பல நாடுகளில் திரும்ப அழைக்கப்பட்டன.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உள்ளன. திரும்ப அழைக்கும் கடிதம் வந்தால், அதை விளம்பரத் தாள் என்று குப்பையில் போட வேண்டாம். அந்த வேலைக்குக் காசு கேட்க மாட்டார்கள். பழைய கார் வாங்கியவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கலாம். காரின் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் சேவை நிலையத்தில் "இந்த வண்டிக்கு ஏதேனும் அழைப்பு உண்டா?" என்று கேட்டால் சொல்வார்கள். எண்ணெய் மாற்றிய ரசீதுகளை ஓர் உறையில் போட்டு வையுங்கள். புதுத் தட்டல் ஓசை, கருகும் வாடை, எண்ணெய் விளக்கு ஆகியவை தோன்றினால், நாளையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். எழுதி வைத்த முறையீட்டை எளிதில் தட்டிக் கழிக்க முடியாது.

ஓடும் காரில் புகை கிளம்பினால், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். எல்லாரையும் இறக்கி, குறைந்தது முப்பது மீட்டர் தள்ளிப் போங்கள். முன்மூடியைத் திறக்க வேண்டாம். திறந்தால் காற்றுப் புகுந்து தீ கொழுந்துவிடும். பையை எடுக்கவோ பத்திரத்தை எடுக்கவோ திரும்பிப் போகக் கூடாது. 999-ஐ அழைத்து, பொம்பா எனப்படும் தீயணைப்புப் படையினருக்கு இடத்தைச் சொல்லுங்கள்.

உயிர் தப்பிய பின், இன்னொரு கடமை இருக்கிறது. நடந்ததை நிறுவனத்துக்கும் அதிகாரிகளுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். "நம் ஒருவர் எழுதி என்ன ஆகப் போகிறது?" என்று எண்ண வேண்டாம். பதிவேட்டில் முதல் பெயருக்கும் இரண்டாம் பெயருக்கும் பொருள் தெரிவதில்லை. பன்னிரண்டாம் பெயர் வரும்போதுதான் தொட்டியைத் திறக்கிறார்கள். ஆனால் முதல் பெயரை எழுதாமல் பன்னிரண்டாம் பெயரை எழுத முடியாது. நாம் எழுதும் நான்கு வரி, நமக்கு முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தை எரியும் வண்டியிலிருந்து காப்பாற்றக்கூடும்.